‘படிப்பு வராத பிள்ளை’ – ஒரு வரலாறு

எண்ணையும் எழுத்தையும் மக்களின் இரு கண்கள் என்று போற்றி வந்தது தமிழ்நாடு. ஏட்டைக் கையில் எடுக்கும் முன்னரே இவ்வுவமையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கல்வியின் உயர்வை உணர்த்த எழுந்த நல்ல உவமை இது என்பதில் ஐயமில்லை. ஆயினும், 35 ஆண்டுக் காலம் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, இதனை நினைக்குந்தோறும் ஓர் உறுத்தலும் உண்டாகின்றது. எழுத்தே கண் என்றால், எழுத்துக் கைவராத பிள்ளையை நாம் குருடன் என்றல்லவா முடிவு கட்டிவிடுகின்றோம்? அவ்வாறு முடிவு கட்டியவர்களுள் நானும் ஒருவன். அந்தக் கதையையும், அத்தகைய பிள்ளைகளைப் பற்றி உலகம் சிறிது சிறிதாக அறிந்துகொண்ட வரலாற்றையும் உங்களுக்குக் கூறுவதே இன்றைய என் உரையின் நோக்கம்.

1988ஆம் ஆண்டில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு நான் ஆசிரியன். அவ்வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். அவன் தந்தை வாரச் சந்தையில் காய்கறி விற்பவர். கிலோ மூன்று ரூபாய் இருபது காசு விலையில் ஒன்றே முக்கால் கிலோ கத்தரிக்காய்க்கு என்ன விலை என்று கேட்டால், நான் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் ஐந்து ரூபாய் அறுபது காசு என்று விடை கூறிவிடுவான். கதை சொன்னால் கண் இமைக்காமல் கேட்பான்; ஒரு வாரம் கழித்துக் கேட்டாலும் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வான். ஆனால், அவன் எழுதிய கட்டுரைச் சுவடியைத் திறந்தால் கொம்பில்லா எழுத்துகளும் காலிழந்த எழுத்துகளும் புள்ளி மறந்த மெய்களுமாகக் காட்சி தரும்.

ஒரு நாள் அவனை எழுப்பிப் பாடத்தைப் படிக்கச் சொன்னேன். பிழையின்றிப் படித்தான். மகிழ்ச்சியுடன் அருகில் சென்று பார்த்தேன். அவன் கையில் விரிந்திருந்த பக்கம் வேறு பாடத்தின் பக்கம்! பிறர் படிக்கக் கேட்டதை மனத்தில் வாங்கிக்கொண்டு, ஏட்டைப் பார்த்துப் படிப்பவன்போல் ஒப்பித்திருக்கின்றான். ‘ஏமாற்றுக்காரன்’ என்று எனக்குச் சினம் மூண்டது. பிரம்பை எடுத்தேன். அதே பாடத்தை ஐம்பது முறை எழுதி வருமாறும் பணித்தேன்.

மறுநாள் அவன் தந்தை வந்தார். “ஐயா, இவன் மந்தம் இல்லை. காதால் கேட்டது எதையும் மறக்க மாட்டான். புத்தகத்தைப் பார்த்தால்தான் தடுமாறுகிறான். என்னவோ இருக்கிறது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்” என்றார். நான் என்ன விடை கூறினேன் தெரியுமா? “கவனம் இல்லை, வீட்டில் கண்டிப்பும் இல்லை” என்று கூறி அனுப்பிவிட்டேன். அவ்வாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. சந்தையில் தந்தையின் தராசுக்குப் பக்கத்தில் நிற்கக் கண்டேன். அப்போதும் என் மனம் உறுத்தவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத அத்தந்தை என்னிடம் கூறிய செய்தி, 92 ஆண்டுகளுக்கு முன்னரே ஆங்கில மருத்துவ ஏடு ஒன்றில் அச்சேறியிருந்தது. அதனை நான் 1999இல் ஒரு பணியிடைப் பயிற்சியின்போதுதான் அறிந்தேன். அன்று கேட்டதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் இங்கே தொகுத்துக் கூறுகின்றேன்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், ஐரோப்பிய மருத்துவர்கள் ஒரு விந்தையான நோயைக் கண்டனர். மூளையில் அடிபட்டோ, இரத்த ஓட்டம் தடைப்பட்டோ நோயுற்ற சிலர் நன்றாகப் பேசினர். கண் பார்வையும் கெடவில்லை. ஆனால் அதுவரை சரளமாகப் படித்து வந்தவர்களால் ஒரு வரியும் படிக்க இயலவில்லை. செர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1877இல் இதற்குச் ‘சொற்குருடு’ என்று பெயரிட்டார். நம் நாட்டு உவமையும் அந்நாட்டு நோய்ப்பெயரும் ஒரே கண்ணைச் சுற்றி அமைந்திருத்தலைக் காண்க. பத்தாண்டு கழித்து, 1887இல், ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் என்பவர் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லைத் தம் நூலில் வழங்கினார். இடர்ப்பாடு, சொல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஆனால், இவர்கள் பேசியதெல்லாம் வளர்ந்தவர்களைப் பற்றியே. இருந்த ஆற்றலை இழந்தவர்களைத்தான் அவர்கள் கண்டனர். தொடக்கத்திலிருந்தே எழுத்துக் கைகூடாத பிள்ளைகளை எவரும் கருதவில்லை.

அக்குறையை நீக்கியவர் பெரிய பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தின் தென்கடற்கரையில் சீஃபோர்டு என்னும் ஊரில் இருந்த பிரிங்கிள் மார்கன் என்ற பொது மருத்துவர். அவர் 1896 நவம்பர் 7ஆம் நாள் வெளிவந்த பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பெர்சி என்னும் பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வரைந்தார். பெர்சி கூர்மையான அறிவுடையவன், விளையாட்டில் சுறுசுறுப்பானவன். ஏழு வயது முதல் அவனுக்குப் படிப்பிக்காத நாளில்லை. எழுத்துகளைத் தனித்தனியே அறிவான். எண்களை எளிதில் படிப்பான், இயற்கணிதமும் செய்வான். எனினும் மிகச் சிறிய சொற்களைத் தவிர வேறு எதையும் அவனால் படிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து இடம் மாற்றிப் ‘பிரெசி’ என்று எழுதிவிட்டு, அதிலுள்ள பிழையைப் பலமுறை கேட்ட பின்னரே உணர்ந்தானாம்.

அக்கட்டுரையில் என் நெஞ்சைத் தைத்த இடம் ஒன்று உண்டு. பெர்சிக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் கருத்தை மார்கன் அதில் குறித்திருக்கின்றார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடைபெறுமாயின் பள்ளியிலேயே கெட்டிக்காரப் பிள்ளை இவன்தான் என்பது அவ்வாசிரியர் கருத்து. அறிவு வேறு, படிக்கும் திறன் வேறு என்று பகுத்தறிந்த அந்த ஆசிரியரின் பெயர் நமக்குத் தெரியாது. 1988இல் என் முன் வந்து நின்ற காய்கறி வணிகரும் அதே பகுப்பைத்தான் சொன்னார்.

மார்கனுக்குத் தூண்டுகோலாய் அமைந்தவர் கிளாஸ்கோ நகரக் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட். அவர் 1907இல் ஒரே குடும்பத்துச் சகோதரர் நால்வருக்கு இக்குறை இருத்தலை எடுத்துக்காட்டினார். குடும்ப வழியாகவும் இது வரும் என்னும் உண்மை அன்றே புலனாயிற்று. 1917இல் இப்பொருள் பற்றித் தனி நூலே எழுதினார். இப்பிள்ளைகளைக் கூட்டத்தோடு கூட்டமாக வைத்துப் படிப்பித்தல் பயன் தராது. தனியே அமர்த்தி, சிறு சிறு பாடமாக, அடிக்கடி கற்பித்தல் வேண்டும் என்பது அவர் அறிவுரை.

அடுத்து நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும். அங்கு அயோவா மாநிலத்தில் சாமுவேல் ஆர்ட்டன் என்னும் மூளை மருத்துவர், பள்ளிகளில் பின்தங்கிய பிள்ளைகளைச் சோதித்து 1925இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மந்தர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுள் நல்லறிவு படைத்தோர் பலர் இருத்தலைக் கண்டார். மூளையின் இரு பாதிகளும் தம்முள் போட்டியிடுவதால் எழுத்துகள் தலைமாறித் தோன்றுகின்றன என்று அவர் கூறிய காரணம் பிற்காலத்தில் நிலைபெறவில்லை. ஆயினும், அவருடன் உழைத்த அன்னா கில்லிங்காம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்னும் இரு பெண்மணிகள் 1930களில் வகுத்த கற்பிக்கும் முறை நிலைபெற்றது. எழுத்தைக் கண்ணால் காணுதல், அதன் ஒலியைக் காதால் கேட்டல், வாயால் கூறுதல், விரலால் வரைதல் ஆகிய நான்கையும் ஒருங்கே செய்வித்து, எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏற்றிச் செல்வது அம்முறை.

விரலால் வரைதல் என்றதும் உங்களுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரலாம். வாயால் ஒலித்துக்கொண்டே மணலில் விரலால் எழுதிப் பழகியவர்கள் நம் முன்னோர். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுதலைக் கண்டு வியந்தார். தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அது ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் இங்கிலாந்தில் பரவியது. டிஸ்லெக்சியாவை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று பெருமை பேச நான் வரவில்லை. திண்ணைப் பள்ளியில் மணலும் இருந்தது, பிரம்பும் இருந்தது. பின்னவர்களாகிய நாங்கள் மணலைக் கைவிட்டுப் பிரம்பை மட்டும் வைத்துக்கொண்டோம் என்பதே என் வருத்தம்.

இனி, இவ்வரலாற்றில் பெற்றோர் புகுந்த காலம். ‘இப்படி ஒரு குறை உண்டா? தம் பிள்ளையை மந்தன் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத வசதி படைத்த பெற்றோர் கண்டுபிடித்த சாக்கு இது’ என்று ஏளனம் செய்தோர் மேலை நாடுகளிலும் இருந்தனர். அவ்வேளையில் 1962இல் இலண்டனில் ‘சொற்குருடர் மையம்’ என்ற பெயருடன் ஒரு நிலையம் தோன்றிப் பத்தாண்டுக் காலம் பணியாற்றியது. அதன் இயக்குநராய் விளங்கிய சந்தியா நாயுடு, அங்கு வந்த பிள்ளைகளை ஆராய்ந்து 1972இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் நிறுவப்பெற்றது. சென்னையிலும் 1990களின் தொடக்கத்தில் மதராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தோன்றியது.

இக்குறையின் வேர் எங்கே இருக்கின்றது? நெடுநாள் கண்ணில் தேடினர். பின்னர்தான் காது வழியே தேடினர். அமெரிக்காவில் இசபெல் லிபர்மனும் அவருடைய குழுவினரும் 1974இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். ஒரு சொல்லைக் கூறி, அதில் எத்தனை அசை, எத்தனை தனி ஒலி என்று சிறுகோலால் தட்டிக் காட்டுமாறு பிள்ளைகளைக் கேட்டனர். நான்கு வயதினருள் ஏறத்தாழப் பாதிப் பேர் அசைகளைப் பிரித்தனர். தனி ஒலிகளைப் பிரித்தவர் ஒருவருமில்லை. ஆறு வயதில் அசையைப் பிரித்தோர் நூற்றுக்கு 90; ஒலியைப் பிரித்தோர் நூற்றுக்கு 70. பேச்சில் ஒன்றோடொன்று இழைந்து ஓடும் ஒலிகளைப் பிரித்துணர்தல் எளிதன்று என்பதும், அது படிப்புடன் ஒட்டி வளர்வது என்பதும் இதனால் விளங்கின. 1983இல் ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்னும் இருவர், 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஒலி வேறுபாட்டை உணர்வதில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஒலிப் பயிற்சியையும் எழுத்தையும் இணைத்துக் கற்பித்தால் படிப்பு முன்னேறும் என்று காட்டினர்.

தமிழ் படிக்கும் நமக்கு இது புதிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நம் இலக்கணத்தின் அடிப்படையே இதுதான். ‘க’ என்னும் ஓர் எழுத்தினுள் க் என்னும் மெய்யும் அ என்னும் உயிரும் கூடி நிற்கின்றன என்று தொல்காப்பியர் அன்றே பகுத்தார். உயிர்மெய் என்ற பெயரிலேயே அப்பகுப்பு அடங்கியுள்ளது. நாமோ 247 எழுத்துகளை 247 படங்களாக மனப்பாடம் செய்யச் சொல்கின்றோம். மேலும், ‘கெ’ என்பதில் முதலில் ஒலிப்பது மெய். முதலில் எழுதப்படுவதோ கொம்பு. ‘கொ’ என்பதில் உயிரின் குறி இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. இயல்பான பிள்ளை இதனை எப்படியோ கடந்துவிடுகின்றது. இக்குறையுள்ள பிள்ளை இங்கேயே தடுக்கி விழுகின்றது.

எழுத்து முறை எளிதான மொழியில் இக்குறை இராது என்று எண்ணுதலும் தவறு. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய மூவகையினருள் இக்குறையுடையோரை ஒப்பிட்டனர். எழுத்தும் ஒலியும் நெருங்கி நிற்கும் இத்தாலிய மொழியினர் பிழை குறைவாகப் படித்தனர். ஆயினும் ஒலியைப் பிரித்துணரும் சோதனையில் மூவரும் ஒன்றுபோலவே தளர்ந்தனர். படிக்கும்போது மூளையின் இடப்பாதியில் ஒரே பகுதி மூவருக்கும் மந்தமாக இயங்கியது. ஆகவே, நம் பிள்ளைகளிடத்தும் பிழையை மட்டும் எண்ணாமல், எழுத்துக் கூட்டிக் கூட்டி மிக மெதுவாகப் படிக்கின்றார்களா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

2011இல் நான் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருந்தேன். ஒரு நாள் காலை, ஒருவர் எட்டு வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். அவர் யார் என்பதை உணர எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. 1988இல் என்னிடம் அடி வாங்கிய சிறுவன்தான் அவர். “ஐயா, இவளும் என்னைப் போலத்தான். கேட்டால் எல்லாம் வருகிறது, பார்த்தால் வரவில்லை. அடிக்காமல் சொல்லிக் கொடுங்கள் ஐயா” என்றார். அவர் குரலில் சினமில்லை. அதுதான் என்னால் தாங்க இயலாததாய் இருந்தது.

அப்பெண்ணுக்கு நாங்கள் செய்ததைக் கூறுகின்றேன், பெற்றோர்க்குப் பயன்படலாம். முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் சோதிக்கச் செய்தோம்; அவற்றில் குறையில்லை என்று தெளிந்தோம். சில நாளே பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும், சரியாகக் கற்பிக்கப்படாத பிள்ளைக்கும் படிப்பு வராமை இயல்பு. அதனை இக்குறை என்று கொள்ளலாகாது. அவள் ஒழுங்காக வந்தவள். பின்னர், பயிற்சி பெற்ற வல்லுநரிடம் காட்டி இன்னது என்று உறுதி செய்துகொண்டோம். அதன்பின் நாள்தோறும் கால் மணி நேரம் தனியே பாடம். ஒரே ஓசையில் தொடங்கும் சொற்களைத் தேடுதல், ஒரு சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டு எஞ்சியதைக் கூறுதல் ஆகிய விளையாட்டுகள். பிறகு ஒலித்துக்கொண்டே மணல் தட்டில் எழுத்து வரைதல். பிறகு இரண்டெழுத்துச் சொற்கள். வீட்டில் அவள் பாட்டி நாள்தோறும் கதை சொல்ல வேண்டும் என்றும், எழுதப் படிக்கத் தெரிந்த அத்தை பாடத்தை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்றும் ஏற்பாடு. வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவளை எழுப்பிப் படிக்கச் சொல்லலாகாது என்று ஆசிரியர்களுக்குக் கூறினேன். விந்தை எதுவும் நிகழவில்லை. நான்காம் வகுப்பின் முடிவில்தான் ஒரு பக்கத்தைத் தானே படித்தாள். 2019இல் பத்தாம் வகுப்பில் தேறினாள். இன்றும் மெதுவாகத்தான் படிக்கின்றாள், ஆனால் படிக்கின்றாள்.

நம் நாட்டுச் சட்டமும் இடையில் முன்னேறியது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம் ஏழு குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. இது அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம் அவ்வெண்ணை 21 ஆக்கியது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற பெயரில் டிஸ்லெக்சியா அதில் இடம்பெற்றது. தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு போன்ற மாற்றங்களைச் செய்தல் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது.

இதனைக் கேட்கும் மாணவர்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள், பலர் பெற்றோராவீர்கள். இன்றே உங்கள் வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். ஓராண்டு முறையாகக் கற்பித்த பின்னும் எழுத்தும் ஒலியும் அப்பிள்ளைக்கு ஒட்டாமல் இருக்கின்றனவா? குறிலும் நெடிலும் கொம்பும் புள்ளியும் தொடர்ந்து தவறுகின்றனவா? நீங்கள் படித்துக் காட்டினால் விளங்கிக்கொள்ளும் பிள்ளை, தானே படிக்கும்போது களைத்துப் போகின்றதா? படிக்கும் வேளை வந்தால் வயிற்றுவலி என்கின்றதா? ஓரிரண்டு எழுத்தைத் தலைகீழாக எழுதுவது மட்டும் அடையாளமாகாது. தொடக்க வகுப்பில் பிள்ளைகள் பலர் அவ்வாறு எழுதுவர். ஆனால் இவை பலவும் ஒருங்கே, மாதக்கணக்கில் காணப்படுமாயின், காலம் தாழ்த்தாமல் ஆசிரியரிடமும் வல்லுநரிடமும் பெற்றோர் கூறுதல் வேண்டும். அவர்கள் கூறத் தயங்கினால் நீங்கள் துணை நில்லுங்கள்.

1896இல் பெயர் தெரியாத ஓர் ஆசிரியர் சொன்னதையும், 1988இல் ஒரு காய்கறி வணிகர் சொன்னதையும் நான் இப்போது சேர்த்தே நினைக்கின்றேன். முன்னவர் சொல்லைக் காது கொடுத்துக் கேட்க ஒரு மருத்துவர் இருந்தார். பின்னவர் கேட்க வேண்டியவன் நான், கேட்கவில்லை. அதனால் ஒரு பிள்ளை படிப்பை இழந்தான். பெற்றோர் ஒருவர் “என் பிள்ளை மந்தம் இல்லை” என்று கூறுவாராயின், அதனைப் பாசத்தின் பேச்சு என்று தள்ளிவிடாமல், ஒரு முறையேனும் உட்கார வைத்து, என்ன கண்டீர்கள் என்று கேளுங்கள். இவ்வேண்டுகோளுடன் என் உரையை முடிக்கின்றேன்.